அரசினர் கொள்வனவும் உள்ளூர்த் தொழிலும்



மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிக்குச் செல்வோர், வாவியின் மீது இரண்டு பாலங்கள் அருகருகே நிற்பதைக் காண்பர். ஒன்று 1924ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம். அந்நாளில் இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சேர் வில்லியம் மனிங் என்பாரின் துணைவியார் பெயரால் அது லேடி மனிங் பாலம் என வழங்கலாயிற்று. மற்றையது 2013ஆம் ஆண்டிலே யப்பானிய நிதியுதவியுடன் திறக்கப்பட்ட புதிய பாலம். நிலாக் காலத்தில் பாடும் மீனின் ஓசையைக் கேட்க விரும்பித் தோணியேறுவோர் இப்பாலத்தின் அருகிலேயே செவி சாய்ப்பது வழக்கம். என் மாணவர் சிலரை ஒருநாள் அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மீனைப் பற்றி ஒன்றும் கேட்டானில்லை. "சேர், இவ்வளவு இரும்பும் எங்கேயிருந்து வந்தது? எங்கட ஆக்கள் செய்ததோ?" என்று கேட்டான்.

வினா சிறிது, விடையோ நீளமானது. அரசாங்கம் ஒரு பொருளை வாங்கும்போது யாரிடம் வாங்குகின்றது, ஏன் அவரிடம் வாங்குகின்றது, அவ்வாறு வாங்குவதால் வாழ்வோர் யார், வாட்டமுறுவோர் யார் என்னும் விடயத்திலே கொண்டுபோய் நம்மை நிறுத்திவிடும். அதனைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

அரசாங்கத்தைச் சட்டம் இயற்றுவதாகவும் வரி அறவிடுவதாகவும் எண்ணிப் பழகிய நாம், அது ஒரு பெரிய வாடிக்கையாளர் என்பதை எளிதில் மறந்துவிடுகின்றோம். பாலத்துக்கு இரும்பு, மருத்துவமனைக்கு மருந்து, காவற்றுறைக்குச் சீருடை, பள்ளிக்கு மேசை, அலுவலகத்துக்குக் கடதாசி என யாவற்றையும் அது விலை கொடுத்தே பெறுகின்றது. இவ்வாறு உலக நாடுகளின் அரசாங்கங்கள் வாங்குவன, ஒரு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியிலே சராசரியாக நூற்றுக்கு 10 முதல் 15 வீதம் வரை அமையுமென உலக வர்த்தக நிறுவனம் கூறுகின்றது. இத்துணைப் பெரிய வாடிக்கையாளர் எந்தக் கடையை நோக்கித் திரும்புகின்றாரோ அந்தக் கடை செழிக்கும். ஆதலின் ஒவ்வொரு நாட்டிலும் தொழில் நடத்துவோரும் தொழிலாளரும், 'நம் வரிப்பணத்தைக் கொண்டு நம் பொருளையே வாங்குக' என்று தம் அரசிடம் கேட்பது இயல்பேயாம்.

குடியேற்ற ஆட்சிக் காலத்திலே இக்கோரிக்கையை நாம் எழுப்ப இடமிருக்கவில்லை. இலங்கை போன்ற முடிக்குரிய குடியேற்ற நாடுகளுக்கு வேண்டிய பெருங்கொள்வனவுகள், இலண்டனிலே இருந்த முடிக்குரிய முகவர் அலுவலகத்தின் வாயிலாகவே பெரும்பாலும் நடைபெற்றன. தண்டவாளமும் இயந்திரமும் பிரித்தானிய ஆலைகளிலிருந்தே வருதல் வேண்டுமென்பது அவ்வலுவலகத்தின் நெடுநாளைய வழக்கம். கொடுப்பது நம் மக்களின் வரிப்பணம். கூலி பெறுவதோ பிரித்தானியத் தொழிலாளர். 1928ஆம் ஆண்டிலே மாகோவிலிருந்து மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தபோது நம் முன்னோர் மகிழ்ந்தனர். மகிழ்ந்ததிலே தவறில்லை. ஆயினும், அது எந்த நாட்டு உலையில் உருகிய இரும்பு என்று கேட்டவர் அன்று மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

இனி இந்நூற்றாண்டுக்கு வருவோம். மண்முனையிலே வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் செல்வதற்கு முன்னாளில், நம்மூரார் 'பாதை' என்று வழங்கும் மிதவையே துணை. காற்றடித்தால் பாதை தாமதிக்கும். நோயாளியும் காத்திருப்பார், ஆசிரியரும் காத்திருப்பார். அவ்விடத்திலே 2014ஆம் ஆண்டில் யப்பானிய அரசின் நன்கொடையால் ஒரு பாலம் திறக்கப்பட்டது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்களுக்கு அது எத்தகைய பேறு என்பதை, அப்பாதையிலே மழையில் நனைந்த என் போன்றோர் நன்கு அறிவோம். எனினும் ஒரு நிபந்தனையையும் இங்கே கூறிவைத்தல் வேண்டும். யப்பானிய நன்கொடைத் திட்டங்களிலே முதன்மை ஒப்பந்தகாரரும் ஆலோசகரும் யப்பானிய நிறுவனத்தாராகவே இருத்தல் வேண்டும் என்பது விதி. கொடையாகப் புறப்பட்ட பணத்தின் ஒரு பகுதி, கொடுத்தவர் நாட்டு நிறுவனங்களுக்கே வேலையாகத் திரும்புகின்றது. இதற்குக் கட்டுண்ட உதவி என்று பெயர். யப்பான் மாத்திரமன்றி, உதவி வழங்கும் நாடுகள் பலவும் இவ்வழியைக் கையாண்டுள்ளன. இவ்வாறு கட்டுண்ட உதவியினாலே ஒரு பணியின் செலவு நூற்றுக்கு 15 முதல் 30 வீதம் வரை கூடுவதுண்டு எனப் பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பு கணித்துள்ளது. பாலத்தைத் தந்தவரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அந்நாட்டு வரியிறுப்போருக்கு அந்நாட்டு அரசு விடை சொல்ல வேண்டியிருக்கின்றது. அவ்விடையின் ஒரு பகுதி நம் வாவியின் மீது நிற்கின்றது, அவ்வளவே.

உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை கொடுப்பது எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சிறிது விளக்குவேன். இதற்குப் பெயர்பெற்ற சட்டம் ஐக்கிய அமெரிக்காவில் உண்டு. 'அமெரிக்கப் பொருளையே வாங்குக' என்னும் அச்சட்டத்திலே, பெரும் பொருளாதாரச் சரிவின் நடுவே, சனாதிபதி ஹூவர் தம் பதவிக்காலம் முடிவதற்கு முதல் நாளாகிய 1933 மார்ச் 3ஆந் திகதி கையொப்பமிட்டார். சனாதிபதி ஐசனோவர் 1954இலே பிறப்பித்த ஆணையினால், பிறநாட்டுப் பொருளின் விலையோடு 6 வீதத்தைக் கணக்கிற்காகக் கூட்டி ஒப்பிடும் முறை ஏற்பட்டது. அதாவது, பிறநாட்டார் 100 வெள்ளிக்குத் தருவதாகவும் உள்நாட்டார் 105 வெள்ளிக்குத் தருவதாகவும் கேள்விமனு அனுப்பினால், முன்னவருடைய விலை கணக்கிலே 106 ஆகிவிடும், உள்நாட்டார் வென்றுவிடுவர். ஆனால் அரசு கையிலிருந்து கொடுப்பது 105. அந்த மேலதிக 5 வெள்ளியை யார் தருகின்றார்? வரியிறுக்கும் ஒவ்வொருவரும் தருகின்றார். அந்த ஐந்துக்கு ஈடாக ஓர் ஊரில் ஓர் ஆலை மூடப்படாமல் இருந்தால் அது நல்ல வாணிகம். ஆலை முதலாளியின் இலாபம் மாத்திரம் கூடினால் அது தீய வாணிகம். இரண்டில் எது நிகழ்கின்றது என்பதைச் சட்டத்தின் பெயரைக் கேட்டு அறிய இயலாது. கணக்கைப் பார்த்தே அறிதல் வேண்டும்.

பிறர் இவ்வாறு கதவடைக்கும்போது மற்றைய அரசுகளும் தொழிற்சங்கங்களும் என்ன செய்கின்றன? இதனைத் தெளிவாகக் காட்டுவது கனடாவின் அனுபவம். 2009 பெப்புருவரியிலே சனாதிபதி ஒபாமாவின் அரசு 78,700 கோடி வெள்ளி பெறுமதியான பொருளாதார மீட்சிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. அதன் 1605ஆம் பிரிவு, அப்பணத்தைக் கொண்டு கட்டப்படும் பொதுக் கட்டடங்களுக்கும் பொதுப்பணிகளுக்கும் அமெரிக்க இரும்பும் உருக்கும் அமெரிக்க உற்பத்திப் பொருள்களுமே பயன்படுதல் வேண்டுமென விதித்தது. அந்நாட்டின் சர்வதேசக் கடப்பாடுகளுக்கு முரணாகாத வகையில் இவ்விதியை நடத்துக என்று ஒரு வாசகமும் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் அவ்வாசகம் கனடாவுக்குப் போதிய காப்பாக அமையவில்லை. மாநில, நகரசபைக் கொள்வனவுகள் பற்றிய உடன்படிக்கைக்குள் கனடிய மாகாணங்கள் அதுவரை சேர்ந்திருக்கவில்லை. தம் கதவைத் திறந்து வைக்காதவர், பிறர் கதவு திறந்திருத்தல் வேண்டும் என வழக்காட இயலவில்லை. கலிபோர்ணியாவின் படைத்தளம் ஒன்றிலே மண்ணுள் புதைத்த குழாய் இணைப்புகளிற் கனடாவின் முத்திரை இருந்தமையால் அவை தோண்டி எடுக்கப்பட்டன எனச் செய்தித்தாள்கள் அந்நாளில் எழுதின.

மத்திய அரசு பேச்சுவார்த்தைக்குச் சென்றது. ஊர்களோ பொறுத்திருக்கவில்லை. 2009 யூன் மாதத்திலே கனடிய நகரசபைகளின் சம்மேளனம் கூடி, கனடாவின் மீது இத்தகைய தடை விதிக்கும் நாடுகளின் பொருள்களைத் தாமும் வாங்குவதில்லை என்னும் தீர்மானத்தை 189க்கு 175 என்னும் வாக்குகளால் நிறைவேற்றி, அதற்கு 120 நாள் தவணையும் வைத்தது. வாக்கு எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் அஞ்சினர். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் குழாயும் பம்பும் நின்றுவிட்டால் தம் நகரின் தண்ணீர்த் திட்டத்துக்கு விலை ஏறும் என்பது அவர்தம் அச்சம். மற்றப் பாதிப்பேர், பயமுறுத்தாமல் எவரும் இறங்கிவரார் என நம்பினர். 2010 பெப்புருவரியில் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கனடிய மாகாணங்கள் தம் கொள்வனவுகளை அமெரிக்கருக்குத் திறந்துவிட்டன. அமெரிக்கா தன் 37 மாநிலங்களின் கொள்வனவுகளிற் கனடியருக்கு இடமளித்தது. மீட்சிப் பணத்தாலான சில திட்டங்களுக்கும் விலக்குக் கிடைத்தது. ஆனால் அதற்குள் அப்பணத்தின் பெரும்பகுதிக்கு ஒப்பந்தங்கள் எழுதப்பட்டாயிற்று எனக் கனடிய விமர்சகர் பலர் நொந்துகொண்டனர்.

தொழிற்சங்கங்களின் நிலைமை இதனினும் சிக்கலானது. ஐக்கிய உருக்குத் தொழிலாளர் சங்கம் என்பது அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. கனடாவிலும் அதற்கு உறுப்பினர் பலர். அமெரிக்கப் பொருளையே வாங்குக என்னும் விதியை வற்புறுத்தியவர்களுள் அச்சங்கம் முன்னணியில் நின்றது. அவ்விதியினாலே வேலை இழக்கக் கூடியவர்களோ அதே சங்கத்துக்குச் சந்தாக் கட்டும் கனடியத் தோழர்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் வாசலைப் பூட்டத் தம்பி வெளியே நின்ற கதை இது. கனடியத் தரப்புச் சங்கத்தார் என்ன செய்தனர்? அமெரிக்கரின் விதியை நீக்குக என்று கேட்பதிலும், 'நாமும் கனடியப் பொருளையே வாங்குவோம்' என்று தம் அரசை வற்புறுத்துவதிலேயே அவர்கள் கூடிய ஆர்வங் காட்டினர். மோட்டார்த் தொழிலாளர் சங்கமும் அதனையே கேட்டது. பொதுத்துறை ஊழியர் சங்கமோ, மாகாணங்களும் நகரங்களும் தம் ஊர்த் தொழிலை வளர்க்கும் உரிமையை 2010இன் உடன்பாடு விலைபேசிவிட்டதெனக் குறை கூறிற்று. அரசுகள் கதவுகளைத் திறக்கப் பேரம் பேசின. சங்கங்கள் தத்தம் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டன. எனக்குச் சங்கங்களின்மீது இரக்கமே தவிரக் கோபமில்லை. ஓர் ஆலை மூடப்படும்போது பொருளியல் அறிஞருக்கு அது ஒரு புள்ளிவிவரம். சங்கச் செயலாளருக்கோ அது தம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் நூறு முகங்கள்.

அக்கதை அத்துடன் முடியவில்லை. 2025 மார்ச்சில், அமெரிக்கச் சுங்கவரிகளுக்கு மறுமொழியாக ஒன்ராறியோ மாகாணம் அமெரிக்க நிறுவனங்களைத் தன் அரச ஒப்பந்தங்களிலிருந்து விலக்கிற்று. செய்மதி இணையச் சேவைக்காக எழுதிய 10 கோடி கனடிய வெள்ளி ஒப்பந்தத்தையும் கிழித்தெறிந்தது. அதே ஆண்டு செத்தெம்பரிலே, கனடியப் பொருளுக்கு முதலிடம் என்னும் கொள்கையை அந்நாட்டு மத்திய அரசே அறிவித்தது. சங்கங்கள் 2009இலே கேட்டதை அரசு 2025இலே கையிலெடுத்தது எனலாம்.

இவற்றையெல்லாம் தடுக்கச் சர்வதேசச் சட்டம் இல்லையா என நேயர் கேட்கலாம். உண்டு, அதிலே ஒரு வாசலும் உண்டு. 1947ஆம் ஆண்டின் சுங்கவரி, வர்த்தகப் பொது உடன்படிக்கை, பிறநாட்டுப் பொருளையும் உள்நாட்டுப் பொருளையும் ஒன்றுபோல் நடத்துக என்று கூறிவிட்டு, அரசு தன் தேவைக்கு வாங்குவதை மாத்திரம் அவ்விதியிலிருந்து விலக்கிவைத்தது. எழுதியவர்கள் தம் அரசுகளை நன்கு அறிந்தவர்கள்! பின்னர், விரும்பிய நாடுகள் மாத்திரம் சேரும் கொள்வனவு உடன்படிக்கை ஒன்று 1979இலே எழுந்து, 1994இலே விரிந்து, 1996இலே நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் இந்தியாவும் அதிலே பார்வையாளராக அமர்ந்திருக்கின்றன, உறுப்பினராகச் சேரவில்லை.

அந்த விலக்கு எத்துணைக் குறுகியது என்பதை இந்தியா அனுபவத்தால் அறிந்தது. சூரிய மின்சாரத் திட்டத்திலே இந்தியாவிற் செய்த மின்கலங்களையே பயன்படுத்துக என அது விதித்தது. அமெரிக்கா 2013இல் வழக்குத் தொடுத்தது. அரசு தன் தேவைக்கு வாங்குவது எம் உரிமையன்றோ என்றது இந்தியா. 2016இல் உலக வர்த்தக நிறுவனத்தின் மேன்முறையீட்டு அமைப்புத் தீர்ப்புக் கூறிற்று: அரசு வாங்குவது மின்சாரம், பாகுபாடு காட்டப்பட்டதோ மின்கலத்தின்மீது, வாங்கிய பொருளும் தடுத்த பொருளும் வெவ்வேறாதலின் விலக்குச் செல்லாது. இந்தியா தோற்றது. ஆயினும் அதே ஆண்டிலே, அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றின் இதையொத்த சலுகைகளைச் சுட்டி எதிர்வழக்குப் போட்டு, 2019இலே விசாரணைக் குழுவின் சாதகமான தீர்ப்பையும் பெற்றது. வழக்கறிஞர் படையும் பெருஞ்சந்தையும் உடைய நாடு அவ்வாறு பதிலடி கொடுக்கலாம். இரண்டரைக் கோடி மக்களையும் எட்டாத நம் நாட்டின் பதிலடிக்கு யார் அஞ்சுவார்?

ஆகவே நமக்கு எஞ்சியிருக்கும் கேள்வி வேறு. பிறர் கதவைத் தட்டுவதற்கு வலிமையில்லாத நாம், நம் அரசின் பணப்பையை நம் தொழிலுக்கு எவ்வாறு பயன்படுத்தினோம்? இதற்கு விடை தேட வாழைச்சேனைக்குச் செல்லுதல் வேண்டும்.

சுதந்திரத்தின் பின் கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் காலத்திலே மூன்று ஆலைகளுக்கு வழி திறந்தது: காங்கேசன்துறையிலே சீமெந்து, பரந்தனிலே இரசாயனம், வாழைச்சேனையிலே கடதாசி. இம்மூன்றும் ஒன்றையொன்று தொடுவன. ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தனிலே எரிசோடா. கடதாசிக் கூழ் காய்ச்ச எரிசோடா வேண்டும். 1956இலே வாழைச்சேனை ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. அதன் மூலப்பொருள் யாது? நம் வயல்களிற் போடியார் சூடடித்த பின் எஞ்சும் வைக்கோல்! இலுக்குப் புல்லும் சேர்ந்தது. எருமைக்குப் போக மிஞ்சியதை எரித்துவந்த ஊரிலே, வைக்கோலுக்குப் பணம் தருவதற்கு லொறி வந்து நின்றது. பொலன்னறுவையிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் அது வந்தது. தமிழரும் முசுலிம்களும் சிங்களவரும் ஒரே ஆலையின் சங்கொலிக்கு எழுந்து வேலைக்குச் சென்றனர். அரச அலுவலகக் கோப்புகளும் நம் அப்பியாசக் கொப்பிகளும் அக்கடதாசியால் ஆயின.

அதற்கு அரசு தந்த பாதுகாப்பு இருவகைப்பட்டது. 1949ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் கைத்தொழில் உற்பத்திப் பொருள்கள் சட்டம், குறித்த பொருளை இறக்குமதி செய்ய விரும்பும் வணிகர் உள்நாட்டு உற்பத்தியிலும் ஒரு பங்கை வாங்குதல் வேண்டுமென விதிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. பின்னர் அந்நியச் செலாவணி அருகவே, இறக்குமதி உரிமப் பத்திரம் இல்லாமல் எதுவும் வர இயலாத நிலை ஏற்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலிலே அரசுத் திணைக்களங்கள் அரசுக் கூட்டுத்தாபனத்திடமே வாங்கின.

இது நன்மையா, தீமையா? இரண்டுமே. வைக்கோலிலே ஒரு குறை உண்டு. அதன் உடலிலே மணற்சத்து மிகுதி. மரக்கூழ் ஆலைகளிலே கூழ் காய்ச்சிய கருநிற நீரை வற்றவைத்து எரிசோடாவை மீளப் பெறுவர். வைக்கோலின் மணற்சத்து அந்த மீட்பு இயந்திரங்களிற் கல்லாகப் படியும். ஆதலின் மீட்பது கடினம். மீளாத கருநீர் எங்கே போகும்? வாழைச்சேனை வாவிக்குப் போயிற்று. ஆலையிலே கூலி பெற்றவன் அண்ணனாயிருக்க, வாவியிலே மீன் இழந்தவன் தம்பியாயிருந்தான். உள்நாட்டுக் கடதாசியின் விலைச் சீட்டிலே அம்மீனின் விலை எழுதப்படவில்லை. மேலும், வாங்குபவர் வேறிடம் செல்ல இயலாதென்று தெரிந்த விற்பனையாளருக்குத் தரத்தை உயர்த்தும் அவசரம் பிறவாது. இது எந்த ஆலைக்கும் பொதுவான இயல்பு; அரசு ஆலையென்றும் தனியார் ஆலையென்றும் வேறுபாடில்லை. பாதுகாப்பு எத்தனை ஆண்டுக்கு, அதற்குள் எட்டவேண்டிய தரம் யாது, கருநீரை என் செய்வது என்னும் மூன்று கேள்விகளையும் பாதுகாப்புத் தந்த அன்றே எழுதி வைத்திருத்தல் வேண்டும் என்பது என் எண்ணம்.

1977 நொவெம்பரின் வரவுசெலவுத் திட்டத்தோடு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீங்கின. நாட்டுக்கு நாடு வெண்மையான, மலிவான கடதாசி கப்பலிலே வந்தது. இருபது ஆண்டுகளாக நிழலிலே வைத்த செடியை ஒரே நாளில் உச்சிவெயிலில் வைத்தாற்போல் ஆயிற்று. அப்போது பேசவேண்டியவர்கள் தொழிற்சங்கத்தினர். அவர்களோ விலையேற்றத்தின் நெருக்கடியிலே 1980 யூலையில் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டுப் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 40,000 பேருக்கு மேல் வேலை இழந்தனர். அவ்வடியிலிருந்து நம் நாட்டுத் தொழிற்சங்க இயக்கம் நெடுங்காலம் எழவில்லை. கனடியச் சங்கம் 2009இலே 'நம் பொருளை வாங்குக' என்று குரல் எழுப்பியபோது அதைக் கேட்க ஒரு பாராளுமன்றம் இருந்தது; 1980இன் பின் நம் கூட்டுத்தாபனத் தொழிலாளருக்கு அத்தகைய குரலே இல்லாமற் போயிற்று எனக் கருதுகின்றேன். அதன்மேல் யுத்தம் வந்தது. வைக்கோல் லொறி வரும் பாதையே மூடிக்கிடந்த காலமும் உண்டு. ஆலை தளர்ந்து, நின்று, 2020களின் முற்பகுதியிலே கழிவுக் கடதாசியை மூலப்பொருளாகக் கொண்டு மீள இயங்கத் தொடங்கிற்று.

2022ஐ நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். டொலர் இல்லாத நாடு கடதாசியும் இல்லாத நாடாயிற்று. அவ்வாண்டு மார்ச்சிலே, கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. கொழும்பு நாளிதழ்கள் சில தம் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாமல் நிறுத்தின. எங்கள் பாடசாலையிலே ஆசிரியர்கள் வினாக்களைக் கரும்பலகையில் எழுதினர். பழைய சுற்றறிக்கைகளின் பின்புறத்தை வெட்டித் தைத்துப் பிள்ளைகள் விடையெழுதினர். 1980 முதல் இலவசப் பாடநூல் பெற்றுவந்த தலைமுறைகளின் பிள்ளைகள் அவர்கள். கடதாசியைத் தைத்துக்கொண்டிருந்த என் சக ஆசிரியை ஒருவர், வாழைச்சேனை ஆலையிலே தம் தகப்பனார் முப்பது ஆண்டு வேலை செய்தவர் என்று சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை.

மலிவு என்பதை வாங்கும் நாளின் விலையை மாத்திரம் கொண்டு கணக்கிடலாகாது என்று அன்று எனக்குத் தோன்றிற்று. கையில் அந்நியச் செலாவணி இல்லாத நாளிலே எந்த விலைக்கும் கிடைக்காத பொருளை உள்ளூரிலே செய்யும் ஆற்றலுக்கும் ஒரு பெறுமதி உண்டு. ஆனால் அப்பெறுமதிக்காக எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் கணக்கிடவே வேண்டும். உணர்ச்சி அக்கணக்கைப் போட்டுத் தராது.

சீருடைத் துணியின் கதையும் இதற்கு அயலிலேதான் நிற்கின்றது. 1993 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகச் சீருடைத் துணி வழங்குகின்றது. நாற்பது இலட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் வேண்டிய துணி என்றால் எந்த நெசவாலைக்கும் அது பெருவாழ்வு. நெருக்கடியின் பின், 2023ஆம் ஆண்டுத் தேவையின் நூற்றுக்கு 70 வீதத்தைச் சீனா நன்கொடையாகத் தந்தது. அடுத்த ஆண்டுகளில் அது மேலும் கூடிற்று. வெறுங்கையோடு நின்ற வேளையில் வந்த கொடை. பெற்றோர் வாழ்த்தினர், நானும் பொட்டலங்களை எண்ணிக் கையொப்பமிட்டு வாங்கினேன். ஆயினும் இலவசத்தோடு எந்தத் தறியும் போட்டியிட இயலாது. காத்தான்குடியிலும் மருதமுனையிலும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அத்தறிகள் நாடு முழுவதற்கும் வெள்ளைத் துணி நெய்ய வல்லவை என்று நான் கூறவில்லை, வல்லவை அல்ல. ஒரு வலயத்துப் பிள்ளைகளின் கழுத்துப்பட்டிக்கேனும் அவற்றிடம் கேள்வி கோரலாமே என்பதுதான் என் ஏக்கம்.

முன்னுரிமையை வரியிறுப்போருக்குச் சுமையின்றியும் தரலாம். இந்தியா 2017இலே பிறப்பித்த ஆணையிலே ஒரு முறை உண்டு. மிகக் குறைந்த விலை கேட்டவர் உள்ளூராரல்லர் எனில், அவ்விலைக்கு மேல் 20 வீதத்துக்குள் நின்ற உள்ளூராரை அழைத்து, 'அதே விலைக்குத் தருவீரோ?' என்று கேட்பர். ஒப்பினால், பிரிக்கத்தக்க கொள்வனவாயின் பாதி அளவு அவருக்கு. அரசு கூடுதலாகக் கொடுப்பதில்லை. உள்ளூரார் தம் செலவைக் குறைக்கப் பழகுகின்றார். குறையில்லாத முறை என்று சொல்லேன். எனினும் விலையோடு 6 வீதம் கூட்டும் பழைய முறையினும் இது நேர்மையானதென எனக்குப் படுகின்றது. நம் நாட்டுப் பெறுகை வழிகாட்டல்களிலும் உள்நாட்டாருக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடு உண்டு. அது எங்கே, எவ்வளவு பயன்பட்டது, அதனால் யார் பிழைத்தார் என்று ஆண்டுக்கொருமுறை வெளியிட்டால், என் போன்றோர் ஊகித்துப் பேச நேராது.

இறுதியாக எங்கள் பாடசாலையின் சிறு கொள்வனவு ஒன்றைச் சொல்வேன். பாடசாலை அபிவிருத்திக் குழு நாற்பது மேசைகள் வாங்கத் தீர்மானித்தது. விதிப்படி மூன்று விலைமனுக்கள் பெற்றோம். தூர நகரத்து நிறுவனம் ஒன்றின் விலையே குறைந்தது. எங்கள் ஊர்த் தச்சுத் தொழிலாளி ஒருவரின் விலை அதனிலும் சற்றுக் கூடியது. அவருடைய பிள்ளைகள் இருவர் எங்களிடமே படிக்கின்றனர். குழுவிலே வாக்குவாதம் எழுந்தது. "ஊர்ப் பணம் ஊருக்கே போகட்டும் ஐயா" என்றார் ஒருவர். "கணக்காய்வாளர் வந்தா நீங்களே பதில் சொல்லுவீங்க?" என்றார் மற்றொருவர். விதியை மீறாமல் குறைந்த விலைக்கே வாங்கினோம். இரண்டு ஆண்டுக்குள் மேசைகளின் மூட்டுகள் கழன்றன; பழுதுபார்க்க யாரும் வரவில்லை.

அடுத்த முறை நாற்பது மேசைகள் வேண்டியபோது, கேள்விமனுக் கோரும் பத்திரத்திலே ஒரு வரியைச் சேர்த்தோம்: மூன்று ஆண்டுகளுக்குப் பாடசாலைக்கு வந்து பழுதுபார்த்துத் தருவதற்கான செலவையும் விலையிலே உள்ளடக்குக. அம்முறை வந்த மூன்று மனுக்களில் எங்கள் ஊர்த் தச்சருடையதே குறைந்தது. எவருக்கும் நாங்கள் சலுகை காட்டவில்லை. கணக்காய்வாளரும் ஒன்றும் கேட்கவில்லை. சென்ற மாரியிலே இரண்டு மேசைகளின் கால்கள் ஆடத் தொடங்கின. அவர் ஒரு சனிக்கிழமை உளியும் சுத்தியலுமாக வந்து, அவற்றைச் சரிசெய்து தந்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.